ஹூட்டில் பிடித்த எண்ணெய்ப் பிசுக்கு: அதிகம் தேய்க்காமல் எடுக்கும் வழி

போன தீபாவளிக்கு முறுக்கு சுட்டு முடித்த மறுநாள் காலை, அடுப்பு மேடையில் பழுப்பாக ஒரு சொட்டு கிடந்தது. துடைத்தேன். தேநீர் கலக்கிவிட்டுத் திரும்பினால் அதே இடத்தில் இன்னொரு சொட்டு. அண்ணாந்து பார்த்தால், அடுப்புக்கு மேல் புகையை இழுக்க மாட்டியிருக்கும் ஹூட்டின் சல்லடையிலிருந்து எண்ணெய் வடிந்துகொண்டிருக்கிறது! கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீடு ஏழாவது மாடி, அடுப்படிக்கு ஒரே ஒரு சன்னல். கெம்போங் மீன் பொரித்தாலும் பிளாச்சான் (இறால் விழுது) போட்டுச் சம்பல் கிண்டினாலும் புகை போக அந்த ஹூட்டை விட்டால் வேறு வழியில்லை, அதைத்தான் நான் ஒரு வருடமாகத் தொடாமல் வைத்திருந்தேன்.

முதலில் உங்கள் வீட்டு ஹூட் எந்த வகை என்று பாருங்கள். மேலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியே போனால் அது புகையை வெளியேற்றும் வகை. குழாயே இல்லையென்றால் காற்றை வடிகட்டி மறுபடி அடுப்படிக்குள்ளேயே விடும் வகை, அதில் உலோகச் சல்லடைக்குப் பின்னால் கரி ஃபில்டர் ஒன்று இருக்கும். சல்லடையைக் கழுவலாம். கரி ஃபில்டரை, கழுவலாம் என்று அதிலேயே எழுதியிருந்தால் ஒழிய, கழுவக்கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டியதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். அடுப்பு நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஹூட்டின் பொத்தானை அணைத்தால் போதாது, சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். அடுப்பின் மேல் பழைய செய்தித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக விரித்த பிறகு கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் தகட்டின் ஓரங்கள் கையைக் கிழிக்கும்.

எண்ணெய் சேரும் கிண்ணம் இருந்தால் அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அதில் இருப்பதைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் கட்டியாகிப் பிறகு வேறு செலவு வைக்கும். காகிதத்தில் ஒற்றியெடுத்துக் குப்பையில் போடுங்கள். அடுத்து சல்லடையின் கொக்கியை ஒரு கையால் இழுக்கும்போது மறு கையால் கீழே தாங்கிப் பிடியுங்கள், இல்லையென்றால் அது நேராக அடுப்புக் கண்ணாடி மேல்தான் விழும்.

இனி ஊறவைப்பது. இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது, கம்பி நாரோடு யாரும் மல்லுக்கட்ட வேண்டாம். சிங்க்கை அடைத்துவிட்டு, இல்லையென்றால் துணி ஊறவைக்கும் பெரிய பேசினில், கை பொறுக்காத அளவுக்குச் சூடான தண்ணீர் விடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு தாராளமாக இரண்டு மூன்று பீச்சு, ஆப்பச் சோடா இரண்டு மேசைக்கரண்டி. சல்லடை முழுதாக மூழ்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடம் போதும். இறுகிப்போன எண்ணெய் சூட்டில் இளகும், சோப்பு அதைச் சல்லடையிலிருந்து பிரித்துத் தண்ணீரோடு கலக்கும். குளிர்ந்த தண்ணீரில் எத்தனை மணி நேரம் போட்டாலும் அவ்வளவாக அசையாது. இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரை மாற்றி மறுபடி ஒரு முறை ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் வந்துவிடும்.

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பொறுமையில்லாமல், சிங்க் அடைப்பு எடுக்க வைத்திருந்த காஸ்டிக் சோடாவை அந்த அலுமினியச் சல்லடை மேல் கொட்டினேன். புஸ்ஸென்று நுரைத்தது, பிசுக்குதான் கரைகிறது என்று நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கரைந்தது அலுமினியம்! காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். சல்லடை கறுத்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆப்பச் சோடா அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் சூடான தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தால் அலுமினியம் மங்கிவிடும். எவர்சில்வர் தகடுக்கு இந்தப் பயம் குறைவு.

கழுவிய சல்லடையை உதறி, வெயில் படும் இடத்தில் சாய்த்து வையுங்கள். நம்ம ஊர் ஈரத்துக்கு ஓட்டைகளுக்குள் நிற்கும் தண்ணீர் சீக்கிரம் காயாது, அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டாதீர்கள்.

அது காயும் நேரத்தில் ஹூட்டின் உடம்பைத் துடைத்துவிடலாம். சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி போதும். எதையும் நேரடியாக மேலே பீச்சாதீர்கள், மோட்டாருக்குள்ளும் பொத்தானுக்குள்ளும் இறங்கிவிடும். உள்ளே தெரியும் விசிறியில் கை எட்டுகிற வரைக்கும் துடைத்தால் போதும். அதற்கு மேல் கழற்றுவது ஆள் கூப்பிட்டுச் செய்ய வேண்டிய வேலை. வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தில் மூடித் தகடு இருந்தால், அது எண்ணெயில் ஒட்டிக்கொண்டு திறக்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். கீழ் வீடுகளில் இருப்பவர்கள் மட்டும்! மாடி வீட்டுக்காரர்கள் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து வீரம் காட்ட வேண்டாம்.

எல்லாம் மாட்டியதும் ஹூட்டை ஓடவிட்டு ஒரு டிஷ்யூவைச் சல்லடையில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டி நின்றால் இழுக்கிறது. சுத்தம் செய்த பிறகும் விழுந்தால் சன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள், உள்ளே காற்று வர வழியில்லாத வீட்டில் வெளியே தள்ள ஹூட்டுக்கு எதுவும் கிடைக்காது.

தினமும் பொரிக்கும் வீடென்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள், மற்றவர்களுக்கு மாதம் ஒரு முறை போதும். சட்டி காய்வதற்கு முன்பே ஹூட்டைப் போட்டு, சமையல் முடிந்து பத்து நிமிடம் ஓடவிட்டால் பிசுக்கு குறையும் என்று பார்த்திருக்கிறேன். பிசுக்கேறிய சல்லடையில் சட்டித் தீ தாவினால் பிடித்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கேஸையும் ஹூட்டையும் அணைத்து, சட்டியைத் தட்டு போட்டு மூடி, ஆறும் வரை அசைக்காமல் விடுங்கள்.

கரி ஃபில்டர் இருக்கும் வீடுகளில் மாற்றிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். என் அக்கா வீட்டில் அப்படி ஒட்டியிருப்பதில் கடைசித் தேதி 2022, எடுத்துப் பார்க்க இன்னும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.