ராயபுரத்து வீட்டுச் சுவருக்கு ஓர் ஆஸ்திரேலிய ஓவியம்

சிட்னியிலோ மெல்போர்னிலோ இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறீர்களா? தெருமுனையில் சின்ன ஓவியக் கேலரி இருந்தால் தயங்காமல் உள்ளே போங்கள், வாங்கினால்தான் பார்க்கலாம் என்றெல்லாம் எதுவும் இல்லை. ஓவியத்தின் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது என்று அர்த்தம். விலைப் பட்டியல் கேளுங்கள், தவணை உண்டா என்றும் கேளுங்கள்.

பழங்குடி ஓவியம் பிடித்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1971-இல் பாப்புன்யா என்ற பாலைவனக் குடியிருப்பில் பெரியவர்கள் தங்கள் மரபுக் கதைகளைப் பலகையில் அக்ரிலிக் வண்ணத்தில் வரையத் தொடங்கியதிலிருந்து இந்தப் புள்ளி ஓவியங்கள் உலகமெங்கும் போயின, கூடவே போலிகளும் வந்தன. அதனால் வரைந்தவர் பெயர், ஊர், எந்தக் கலை மையத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் எழுதிய சான்றிதழ் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். அந்தக் கதை அவர்கள் குடும்பத்துச் சொத்து, அதற்கான பணம் அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

சரி, கொண்டுவருவது எப்படி? துணியில் வரைந்த ஓவியமானால், மரச்சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணம் தீட்டிய பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் தளர்வாகச் சுருட்டச் சொல்லுங்கள். ரசீதைக் கைப்பையிலேயே வையுங்கள், சுங்கத்தில் கேட்பார்கள்.

அப்புறம் நம் பக்கத்துக் கடல்காற்று. காசிமேடு, ராயபுரம் வீடுகளில் மழைக்கு நனையும் வெளிச்சுவரின் உள்பக்கத்தில்கூட மாட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். உள்சுவரில், வெயில் படாத இடத்தில், பின்னால் கொஞ்சம் காற்று போக இடைவெளி விட்டு மாட்டுங்கள்.