பக்கத்து மனையில் வணிக வளாகமா? கொடி பிடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

பக்கத்து மனையில் ஜேசிபி வந்து நிற்கும்போதுதான் பெரும்பாலான தெருக்களில் வாட்ஸ்அப் குழு விழித்துக்கொள்கிறது. மண்டபமாம், இல்லை சூப்பர் மார்க்கெட்டாம், மொட்டை மாடியில் பாராம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஒருவர் கவுன்சிலரைத் திட்டுவார், இன்னொருவர் நாளைக்கே மறியல் என்பார். இருக்கட்டும். முதலில் உங்கள் கையில் அந்த இடத்தின் சர்வே எண் வேண்டும். அது இல்லாமல் எந்த அலுவலகத்திலும் உங்கள் மனு ஒரு அங்குலம்கூட நகராது.

பக்கத்து வீட்டுக்காரரின் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும் இடத்திலேயே பாதி விஷயம் கிடைத்துவிடும். சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, இடம் யார் பெயரில் இருக்கிறது, சமீபத்தில் கை மாறியதா, கட்டுநரோடு கூட்டு ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். அடுத்தது மண்டலம். சென்னையில் 2008 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள இரண்டாவது முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிலப் பயன்பாடு குறித்திருக்கிறார்கள்: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி என்று. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் இணையதளத்தில் கிராமம், சர்வே எண் போட்டால் தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியின் மாவட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும். உங்கள் நகர் அனுமதி பெற்ற லேஅவுட் என்றால் அந்த வரைபடத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். இப்போது கட்டடம் எழும் மனை அதில் பூங்கா என்றோ பொது உபயோகம் என்றோ குறித்திருந்தால் உங்கள் கை ரொம்பவே ஓங்கிவிடும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததைச் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது, வழக்குப் போட அந்தப் பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. ‘உனக்கு இதில் என்ன சம்பந்தம்’ என்று கேட்பவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் பதில்.

மண்டலம் தெரிந்தபின் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் வரும், பல சங்கங்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. அந்த இடம் வணிக மண்டலத்தில் இருந்தால் ‘வரவே கூடாது’ என்று போராடுவது வீண். கலப்புக் குடியிருப்பிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். அங்கே வாகன நிறுத்தம், பக்க இடைவெளி, வாசல் எந்தத் தெருவில், ஜெனரேட்டர் எங்கே, சரக்கு லாரி எத்தனை மணிக்கு என்று பேசினால் ஜெயிக்கலாம். முதன்மைக் குடியிருப்பு என்றால்தான் கடையே வரக்கூடாது என்று சொல்ல வழி இருக்கிறது. அங்கேயும் குறிப்பிட்ட அளவுக்குள் சின்னக் கடை, க்ளினிக் போன்றவற்றுக்கு இடம் உண்டு என்பதால், எந்த அளவைத் தாண்டுகிறார்கள் என்று துல்லியமாகச் சொல்லத் தெரிய வேண்டும். ‘எங்கள் அமைதி கெடுகிறது’ என்பது உண்மைதான், ஆனால் கோப்பில் அதற்குக் கட்டம் கிடையாது.

அப்புறம் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் சாலையை அள‌ந்து பாருங்கள். 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் பாதிக்கு மேல் சாலை அகலத்தைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. 18.30 மீட்டர் உயரம் வரை சாதாரணக் கட்டடம், தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லா மாடியும் சேர்த்து மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை கட்டலாம். அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். அதில் முழு 3.25 வேண்டுமென்றால் 18 மீட்டர் சாலை இருக்க வேண்டும். வரைபடத்தில் காட்டிய அகலம் தரையில் இல்லை என்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. நடைபாதை, மின்கம்பம், ஆக்கிரமிப்பு எல்லாம் தெரியும்படி தேதியோடு படம் எடுத்து வையுங்கள். உயர்மாடிக் கட்டடம் என்றால் தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல் இவர்களின் தடையின்மைச் சான்றும் வேண்டும். அந்தச் சான்று கொடுப்பதற்கு முன்பே போக்குவரத்துக் காவலுக்கு உங்கள் தெருவின் காலை எட்டரை மணிக் கோலத்தைப் படத்தோடு எழுதிக் கொடுத்தால், அவர்களும் அதை ஒதுக்கிவிட யோசிப்பார்கள்.

இப்போது ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். ‘ஏன் அனுமதி கொடுத்தீர்கள்’ என்று கேட்டால் அப்படிப்பட்ட தகவல் எதுவும் பதிவேட்டில் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இந்தச் சர்வே எண்ணுக்குத் திட்ட அனுமதி விண்ணப்பம் வந்திருக்கிறதா, வந்திருந்தால் தேதி, எந்தப் பயன்பாட்டுக்கு, அனுமதி எண், அனுமதித்த வரைபடத்தின் நகல், ஆய்வு அறிக்கை, இதுவரை அனுப்பிய நோட்டீஸ்களின் நகல். நகல் தர மறுத்தால் கோப்பை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள், அந்த உரிமையும் சட்டத்திலேயே இருக்கிறது. சிஎம்டிஏவுக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று, மின்வாரியத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள். வேறு வேறு ஆட்கள் போட்டால் இன்னும் நல்லது.

மின்வாரியம் எதற்கு என்றால், வழக்கமான தந்திரம் அங்கேதான் வெளியே வரும். குடியிருப்பு என்று சொல்லி அனுமதி வாங்குவார்கள், கட்டி முடித்ததும் தரைத்தளத்தில் ஷட்டர் மாட்டுவார்கள், ஆறு மாதத்தில் அது டெலிவரிக் கிடங்காகவோ ஹாஸ்டலாகவோ ஆகியிருக்கும், ராத்திரி ஒரு மணிக்கு இருபது பைக் வாசலில் நிற்கும். திட்ட அனுமதியில் வீடு, மின் இணைப்பில் வணிகக் கட்டணம், சொத்துவரியில் இன்னொன்று என்று மூன்று காகிதமும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், அந்த மூன்றையும் ஒரே மனுவில் இணைத்து வைப்பதைவிடப் பலமான வாதம் கிடையாது.

உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று ஒரு மீரட் வழக்கில் கொடுத்த தீர்ப்பைக் கட்டாயம் படித்துவிடுங்கள். அது குடியிருப்புக்கு ஒதுக்கிய மனையில் கடைகள் கட்டிய வழக்குதான். இடிக்கச் சொன்னதோடு நிற்காமல் நாடு முழுவதற்குமான உத்தரவுகளையும் நீதிமன்றம் போட்டது. கட்டும் காலம் முழுக்க அனுமதித்த வரைபடத்தின் நகலை இடத்திலேயே காட்சிக்கு வைக்க வேண்டும், நிறைவுச் சான்று பார்த்த பிறகே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, விதிமீறிய கட்டடத்தில் தொழில் நடத்த எந்த உரிமமும் கொடுக்கக் கூடாது, நாள் கடந்துவிட்டது என்பதையோ அதிகாரிகள் சும்மா இருந்தார்கள் என்பதையோ காட்டி விதிமீறலை நியாயப்படுத்த முடியாது. உங்கள் மனுவில் இதில் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்துப் போடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் வரைபடம் இல்லையென்றால் அதையே முதல் புகாராக எழுதலாம். அதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், ஒரு படம் போதும்.

மனு எழுதும்போது இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். சர்வே எண், மண்டலம், எந்த விதி எப்படி மீறப்படுகிறது, என்ன நடவடிக்கை வேண்டும், அவ்வளவுதான். அனுமதியில்லாமலோ அனுமதிக்கு மாறாகவோ நடக்கும் வேலையை நிறுத்த நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் 57-ஆம் பிரிவும், கட்டியதை அகற்ற 56-ஆம் பிரிவும் இருக்கின்றன, அவற்றின் கீழ் நடவடிக்கை கோருகிறோம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். தபால் பிரிவில் நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், திங்கள்கிழமைக் குறைதீர் நாளிலும் ஒரு பிரதி கொடுங்கள். நகர்ப்புறம் என்றால் வார்டுக்குள் மக்கள் கூடும் ஏரியா சபையிலும், ஊராட்சி என்றால் கிராம சபையிலும் இதை எழுப்பி நடவடிக்கைக் குறிப்பில் ஏற வையுங்கள். அங்கே பேசியதற்கு எழுத்தில் சாட்சி இருந்தால் பிறகு உதவும். முந்நூறு கையெழுத்து இருந்தால் செய்தியாளர்களுக்குப் பிடிக்கும், ஆனால் மனுவை நகர்த்துவது அந்தக் கையெழுத்துகள் இல்லை, இணைப்பில் இருக்கும் அந்த வரைபடம்தான்.

இடத்தின் மண்டலத்தையே மாற்றக் கேட்டிருந்தால் ஆட்டம் வேறு. நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். உள் பக்கத்தில், பொடி எழுத்தில், யார் கண்ணிலும் படாதபடி வரும். கடைசி நாள் அதிலேயே போட்டிருக்கும், அதைத் தவறவிட்டால் அப்புறம் உங்களை யாரும் கேட்கப்போவதில்லை. சங்கத்தில் தினமும் பேப்பரை முழுசாகப் படிக்கும் ஓய்வுபெற்றவர் ஒருவர் நிச்சயம் இருப்பார், இந்தப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். சென்னைக்காரர்கள் மூன்றாவது முழுமைத் திட்டத்தின் மீதும் ஒரு கண் வைக்க வேண்டும். 2046 வரைக்கான திட்டம் அது. உங்கள் தெருவைக் குடியிருப்பு என்பதா கலப்பு என்பதா என்ற முடிவு அங்கே எழுதப்பட்டுவிட்டால், பிறகு ஒவ்வொரு கட்டடத்தோடும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். அந்த விண்ணப்பங்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் கிடைக்கும், தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே என்று எழுதியிருப்பதை உங்கள் தெருவின் நிலவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். அனுமதி கொடுத்த பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தருவார்கள்.

நீதிமன்றம் கடைசியில். வழக்கமாக நடப்பது இதுதான்: மனுவைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள், அதைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுங்கள் என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவார்கள், இத்தனை வாரத்தில் முடிவெடுங்கள் என்று உத்தரவு வரும். அதனால்தான் சீல் வைத்த நகல் அவ்வளவு முக்கியம். பூட்டி சீல் வைக்க நோட்டீஸ் வந்ததும் கட்டுநர் அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவின் கீழ் அரசிடம் மேல்முறையீட்டுக்குப் போவார், அதைக் காட்டியே வருஷக்கணக்கில் இழுக்கலாம். நோட்டீஸ் வந்துவிட்டது என்று இனிப்பு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறதா என்று அடுத்த ஆர்டிஐ போட்டு, எங்களையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்று அந்தத் துறைக்கு எழுதுங்கள். ‘எப்படியும் வரன்முறைப்படுத்திவிடுவார்கள்’ என்று யாராவது பயமுறுத்தினால், அதற்கு வழி செய்யும் அதே சட்டத்தின் 113-சி பிரிவு 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு மட்டும்தான் என்று சொல்லுங்கள். அதற்கும் முன்பு அரசு இஷ்டத்துக்குக் கொடுத்த விலக்குகளை, 62 ஆணைகளை, 2000-ல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது.

சங்கம் விஷயத்துக்கு வருவோம். ஏழு பேர் இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம், செய்துவிடுங்கள். யாரோ ஒருவர் பெயரில் மட்டும் எல்லா மனுவும் போனால் மிரட்டலும் அவருக்கு மட்டும் போகும். ‘இத்தனை லட்சம் வாங்கிவிட்டார்’ என்று பெயர் போட்டு எழுதும் ஆர்வக்கோளாறுகளை முதல் நாளே அடக்கிவையுங்கள், அவதூறு நோட்டீஸ் வந்தால் சங்கத்தின் நேரமும் பணமும் அதிலேயே போய்விடும். இன்னொன்று, இதை யாரும் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள்: எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது உங்கள் வீட்டு வரைபடத்தைத்தான். மாடியில் கூடுதல் அறை, பக்க இடைவெளியில் கார் ஷெட், கீழே ஹாஸ்டலுக்கு வாடகை என்று இருப்பவர்கள் மனுவின் முதல் கையெழுத்தாக இல்லாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

அடித்தளம் தோண்டப் போகிறார்கள் என்றால், அதற்கு முன் உங்கள் வீட்டுச் சுவர், தரை, காம்பவுண்ட் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள், முடிந்தால் ஒரு பொறியாளரிடம் இரண்டு பக்க அறிக்கை வாங்குங்கள். பிறகு விரிசல் விழுந்தால் ‘அது ஏற்கெனவே இருந்தது’ என்ற வாதம் எடுபடாது. கிணற்றுத் தண்ணீர் மட்டத்தையும் குறித்து வையுங்கள், தோண்டும்போது மோட்டார் வைத்து இறைத்துத் தெருவில் விடுவார்கள்.

எல்லாம் செய்தும் கட்டடம் வந்துவிட்டால், இரைச்சல் விதிகள் கைவசம் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. செல்போன் செயலி காட்டும் எண்ணை நம்பி வழக்குப் போட முடியாது, ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அளக்க வரவழைக்க அது போதும். மாநகராட்சியின் தொழில் உரிமம் எப்போது முடிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, புதுப்பிக்கும் முன் மண்டல அலுவலகத்தில் இந்த அளவீடுகளையும் புகார் நகல்களையும் சேர்த்துக் கொடுங்கள்.