ஓடும் வேனில் ஈர ஓவியங்கள் ஒட்டாமல் இருக்க

யூட்டா பாலைவனத்திலிருந்து கொலராடோ மலைகளுக்கு வேனில் போகும்போது ஈர எண்ணெய் ஓவியங்கள் ஒன்றோடொன்று உரசி வண்ணம் பெயர்ந்தது. நான் வரையும் 8×10 அங்குல, 3 மி.மீ. தடிமனுள்ள ஹார்ட்போர்டு (அழுத்திய மரநார்) பலகைகளைச் செருக 4 மி.மீ. அகலக் காடி (நீளப் பள்ளம்) வெட்டிய பெட்டி செய்தேன். காடிகளுக்கிடையே 20 மி.மீ. இடைவெளி. மூடியின் உட்புறம் ஃபோம் பட்டை ஒட்டியதும் ஆட்டம் நின்றது. பக்கவாட்டில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும்: வண்ணத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை, ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகுகிறது. மலைக்குளிரில் அது இன்னும் தாமதமாகும். அதிகம் கலப்பது வெள்ளை வண்ணம்தான் என்பதால் அதை மட்டும் அல்கைடுக்கு (சீக்கிரம் உலரும் செயற்கைப் பிசின் வண்ணம்) மாற்றினேன். தடித்த பூச்சு தவிர மற்றவை பெரும்பாலும் மறுநாளே கையில் ஒட்டவில்லை.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி வேனுக்குள் போடவே போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி மூடிவையுங்கள்.