தேங்காய் விலை ஏறினால் குமரி வீட்டுச் செலவை எங்கே பிடிப்பது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்து அடுக்களைகளில் தேங்காய் இல்லாமல் ஒரு நேரக் கறி இறங்காது. அரைப்பதும் அதுதான், தாளிக்கிற எண்ணெயும் அதுதான். தேங்காய் விலை ஏறினால் இங்கே செலவு இரண்டு பக்கமும் கூடும். அரிசியிலும் சீனியிலும் பத்து இருபது மிச்சம் பிடிப்பதைவிட எண்ணெயை முதலில் சரிசெய்யுங்கள்.

கடை எண்ணெய் என்றால் எடையைப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 920 கிராம்தான் நிற்கும். மில்லில் சொல்வது கிலோ விலை, பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் லிட்டர் விலை. லிட்டர் விலையை 0.92-ஆல் வகுத்தால் கிலோ விலை வந்துவிடும், அதன்பிறகு ஒப்பிடுங்கள். விலை ஏறும் காலத்தில் பாக்கெட் அதே உருவத்தில் இருக்க, உள்ளே அளவு குறைந்திருக்கலாம். நிகர அளவை வாசிக்காமல் எடுக்க வேண்டாம்.

வீட்டில் தென்னை நிற்பவர்கள் ஆட்டி எடுப்பதே நல்லது. நடுத்தரக் காய் 6 முதல் 8 வரை போட்டால் ஒரு கிலோ கொப்பரை. 10 கிலோ கொப்பரைக்கு 6 முதல் 6.5 கிலோ எண்ணெயும், 3 கிலோவுக்கு மேல் பிண்ணாக்கும் கிடைக்கும். கொப்பரையின் விலையோடு ஆட்டுக்கூலியைக் கூட்டி, பிண்ணாக்கின் விலையைக் கழித்து, கிடைத்த எண்ணெயின் எடையால் வகுத்தால் அடக்க விலை தெரியும். சில்லறையில் தேங்காய் வாங்கி ஆட்டுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

தவறு நடப்பது உணக்குவதில், அதாவது காயவைப்பதில்தான். நன்றாக விளைந்த காயை மட்டும் உடையுங்கள். விளையாத காயின் பருப்பு ரப்பர் மாதிரி வளையும், எண்ணெயும் குறையும். வெட்டிய முறிகளை (பாதிகளை) இரண்டு நாள் நல்ல வெயிலில் கவிழ்க்காமல் வைத்தால் பருப்பு சிரட்டையை (கொட்டாங்குச்சியை) விட்டு விலகும். தோண்டி எடுத்து மேலும் நாலைந்து நாள் காயவிட வேண்டும். ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள்: சடக்கென்று ஒடிந்து, உள்ளே ஈரச் சாயல் இல்லாமல், நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிந்தால் மில்லுக்குக் கொண்டு போகலாம். ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் நின்றால் எண்ணெய் கலங்கும், சீக்கிரம் காறும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் ஐப்பசியிலும் வெயிலை நம்பி உடைத்தால் பூஞ்சை பிடிக்கும். பச்சையும் கறுப்புமாகப் பூத்த துண்டைத் துடைத்துப் போட்டு ஆட்டக்கூடாது, அந்தப் பூஞ்சையின் நஞ்சு எண்ணெயிலும் இறங்கும். ஆட்டிய எண்ணெயை மூன்று நாள் அசையாமல் வைத்து, தெளிவை மட்டும் ஈரமில்லாத பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடிமண்டியோடு வைத்தால் காறல் அங்கிருந்துதான் தொடங்கும். பழைய எண்ணெய்மேல் புதியதை ஊற்றவும் வேண்டாம்.

சமையலில் தேங்காய் எண்ணெயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவியலுக்கும் மயக்கிய (மசித்த) மரச்சீனிக் கிழங்குக்கும் இறக்கும்போது ஒரு தேக்கரண்டி காய்ச்சாத பச்சை எண்ணெய் போதும், மணம் முழுவதும் நிற்கும். மீன் பொரிக்கவும் பப்படத்துக்கும் ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயில் போதும். தேங்காயை வறுத்தரைத்து வைக்கும் புளிக்குழம்பான தீயலுக்குத் துருவலை எண்ணெய் விட்டு வறுக்கவே வேண்டாம். கனமான சட்டியில் சிறுதீயில் கைவிடாமல் கிளறினால் கால் மணி நேரத்தில் காப்பிப்பொடி நிறம் வரும், தன் எண்ணெயைத் தானே விடும். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே வெள்ளையாக நின்று கசக்கும். ஆறியபின் தண்ணீர் விடாமல் அரைத்தால் விழுது இளகி வரும். அரை முறியிலேயே நாலு பேருக்குக் கொழுகொழுவென்று தீயல் ஆகும். உடைத்த காயில் கண் உள்ள முறியை முதலில் துருவுங்கள், அதுதான் சீக்கிரம் கெடும்.

செலவைப் பிடிக்க மீனுக்கும் நாள்காட்டி பார்க்க வேண்டும். விசைப்படகுத் தடை, கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையான குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் அடைப்பு, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். அந்த நாட்களுக்கு நெத்திலிக் கருவாட்டை மே மாத வெயிலிலேயே வாங்கி, இன்னொரு நாள் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். வாங்கும்போது உள்ளங்கையில் அள்ளி இறுக்கிப் பாருங்கள்: கையில் ஒட்டினால் ஈரம், அதற்குக் கொடுக்கும் காசில் பாதி தண்ணீருக்கும் உப்புக்கும்தான் போகும்.