“சோறு சரியில்லை, மாத்திரை தரலை”: முதியோர் இல்லப் புகாரை விசாரிப்பது எப்படி?

சாப்பாட்டுப் புகார் ஒரு கோப்பு, மாத்திரைப் புகார் இன்னொரு கோப்பு என்று பிரித்தால் பாதி விஷயம் தப்பிவிடும். காலை பத்து மணிக்கு ஒரு பாட்டிக்குக் கை நடுங்கி வேர்க்கிறது என்று வையுங்கள். கிளிமெபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை போட்டபின் டிபன் ஒரு மணி நேரம் தாமதமானால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். கோளாறு மருந்தில் இல்லை, அடுப்படியில். அதனால் நோட்டில் முதலில் எழுத வேண்டியது நேரம்: மாத்திரை எப்போது, சாப்பாடு எப்போது, தொந்தரவு எப்போது.

படி 1: ஆளைப் பாருங்கள்

மயக்கம், பேச்சுக் குழறல், நிற்காத வாந்தி இருந்தால் விசாரணையை விட்டுவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால் 15 கிராம் சர்க்கரையை (சுமார் 3 டீஸ்பூன்) தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

படி 2: தனியாகக் கேளுங்கள்

வார்டன் பக்கத்தில் நிற்கும்போது “சாப்பாடு நல்லா இருக்கா?” என்று கேட்டால், “நல்லாத்தான் இருக்குது சாமி” என்றுதான் பதில் வரும். “நேத்து ராத்திரி என்ன போட்டாங்க? எவ்வளவு மிச்சம் வெச்சீங்க?” என்று கேளுங்கள். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. மொழிபெயர்க்க இல்லத்து ஊழியரை வைக்காதீர்கள்.

படி 3: மாத்திரையை எண்ணுங்கள்

பதிவேட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். ஒரே பேனா, ஒரே அழுத்தம் என்றால் மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்டதா என்று சந்தேகப்படுங்கள். ஸ்ட்ரிப் பொய் சொல்லாது. 1ஆம் தேதி காலை கையிருப்பு 20, நடுவில் வாங்கியது 30. தினம் இரண்டு வீதம் 18ஆம் தேதி இரவு வரை 36 போயிருந்தால் மிச்சம் 14. கையில் 22 இருந்தால் 8 வேளை கொடுக்கவில்லை. 14க்கும் குறைவா? இரட்டிப்பாகப் போயிருக்கலாம், வேறொருவருக்கும் போயிருக்கலாம்.

இரட்டிப்புக்கு இங்கே வழி அதிகம். வீடு தேடி மாத்திரை தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வந்த பிரஷர் மாத்திரையும், தனியார் மருத்துவர் எழுதியதும் பெயர் வேறாக, மருந்து ஒன்றாக இருக்கலாம். பிராண்டைப் பார்க்காமல் அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை ஒப்பிடுங்கள். தைராய்டு மாத்திரையைக் காபியோடு கொடுத்தால் அது சரியாக ஏறாது; வெறும் வயிற்றில் போட்டு அரை மணியாவது பொறுக்க வேண்டும். இன்சுலின் ஃப்ரீசரில் உறைந்திருந்தால் வீண். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்றிருக்கும் (மருந்தை மெதுவாக விடும்) மாத்திரையை நசுக்கிக் கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

படி 4: சாப்பாட்டு நேரத்தில் போங்கள்

சொல்லாமல் போய், பந்தியில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். பரிமாறும்போது சாம்பார் 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 300 ரூபாய்த் தெர்மாமீட்டர் போதும். ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோற்றில் பேசிலஸ் கிருமி விட்ட நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. களி நம்ம ஊர்ச் சாப்பாடுதான், ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுகிறவருக்குத் தொண்டையில் அடைக்கும். எடைப் பதிவேட்டையும் கேளுங்கள்: 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 2.5 கிலோ இறங்கியிருந்தால் புகார் வராவிட்டாலும் விசாரிக்க வேண்டியதுதான்.

தண்ணீரை மறக்காதீர்கள். சமைப்பது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரிலா, போர் தண்ணீரிலா? போர் என்றால் ஃப்ளோரைடு சோதனை தேவை, லிட்டருக்கு 1.5 மி.கி. தாண்டக் கூடாது. காய்ச்சினால் குறையாது, நீர் வற்ற வற்ற இன்னும் கூடும்.

படி 5: எழுதுங்கள்

சொன்னது, பார்த்தது, எண்ணியது என மூன்று பத்தி. யூகம் எழுத வேண்டாம். கெட்ட உணவை நீங்களே டப்பாவில் எடுத்துப் போனால் வழக்கில் நிற்காது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுத்து, நான்கு பாகமாக்கி முத்திரையிட வேண்டும். அதைச் சோதிக்கும் உணவுப் பகுப்பாய்வாளர் அறிக்கைக்கு 14 நாள் கெடு. கவனிப்பு தொடர்பான புகார் மாவட்டச் சமூக நல அலுவலருக்குப் போகட்டும். முதியோர் உதவி எண் 14567.

ஒரு வாரம் கழித்து, அதே நேரத்துக்கு, சொல்லாமல் போய் அதே ஸ்ட்ரிப்பை மறுபடி எண்ணுங்கள்.