வேட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டை விரிசல் விட்டால்: பழுதுபார்த்தலும் மாற்றுதலும்

வேட்டை ரைபிளின் கட்டை, அதாவது குழலையும் இரும்புப் பாகங்களையும் தாங்கும் பிடிப்பகுதி, கீழே விழுந்து உடைவதும் உண்டு. ஆனால் விழாமலேயே, ஒவ்வொரு சுடுதலிலும் சிறிது சிறிதாகப் பிளந்துகொண்டு வருவதே அதிகம். ஒட்டிய கட்டை அடுத்த பருவத்தில் அதே இடத்தில் மீண்டும் பிளப்பதற்குக் காரணம், விரிசலை ஒட்டியவர் அதை உண்டாக்கிய குறையை அப்படியே விட்டுவிட்டதுதான். ஆகையால் பசையைக் கையில் எடுப்பதற்கு முன், மரம் ஏன் பிளந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் தோட்டாப் பெட்டியைக் கழற்றி, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் இரும்புத் தண்டை) பின்னுக்கு இழுத்து, குழலில் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் காலியாக இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, அடிப்பக்கத் திருகுகளை அவற்றின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் கழற்றி, இரும்புப் பாகங்களைக் கட்டையிலிருந்து பிரியுங்கள். கட்டையை மட்டும் தச்சரிடம் கொடுக்க நேர்ந்தால், இரும்புப் பாகங்களைப் பூட்டி வைப்பதே முறை. உரிமச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், பிறருடைய துப்பாக்கியில் கைவைப்பதற்கு முன் உங்கள் நாட்டு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

விரிசல் விழும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பை, குழலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த இரும்புத் துண்டு மரத்துக்குக் கடத்த வேண்டும். அந்தத் துண்டின் பின்முகம் மரத்தில் முழுமையாகப் பதியாமல் போனால், உதைப்பு முழுவதும் இரும்புப் பாகத்தின் பின்னால் மெலிந்து முடியும் வால் பகுதிக்குப் போய்ச் சேர்ந்து, அதுவே ஆப்பைப் போல் மரத்தைப் பிளக்கிறது. வாலின் பின்னாலிருந்து கழுத்தை (கட்டையில் கை பிடிக்கும் மெலிந்த பகுதியை) நோக்கி ஓடும் மெல்லிய கோட்டைக் கண்டால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். விசைக்கும் தோட்டாப் பெட்டிக்கும் இடையிலுள்ள மெல்லிய மரப்பாலம் பிளந்திருந்தால், பெரும்பாலும் திருகுகள் தளர்ந்திருந்தன என்றே கொள்ளலாம்.

பழைய துப்பாக்கிகளில் ஒட்டும் வேலைக்குப் பெரும் எதிரி எண்ணெய். பல ஆண்டுகளாகத் துடைத்த எண்ணெய் மரத்துக்குள் ஊறியிருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் கூழாகக் குழைத்து, அந்த இடத்தில் பூசி உலரவிட்டால், தூள் எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். தூள் வெள்ளையாகவே நிற்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், காற்றோட்டமான இடத்தில் நெருப்பின்றி வேலை செய்யுங்கள்.

ஒட்டுவதற்கு, ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைத் தவிர்த்து, மெதுவாக இறுகும் எப்பாக்ஸியையே நான் விரும்புவேன். அது விரிசலின் ஆழம் வரை இறங்க நேரம் கிடைக்கும். கட்டையை லேசாக வளைத்து விரிசலைத் திறந்து, பசையை ஊசிக்குழாயால் செலுத்தி, மூடித் திறந்து உள்ளே இழுக்க விடுங்கள். கிளாம்ப் பிடிக்க முடியாத வளைவான கழுத்தில், பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றுவதைவிட நல்ல கருவி இல்லை. வழிந்த பசையை உடனே துடைத்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விடுங்கள். தலைமயிர் போன்ற விரிசலுக்கு, நீர்போல் இளகிய சூப்பர் பசை தானே ஊறிச் செல்லும்.

கழுத்து முற்றிலும் முறிந்திருந்தால் பசை மட்டும் போதாது. சிம்புகளை ஒன்றையும் எறியாமல், பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். இறுகிய பிறகு, இரும்பு உட்காரும் குழியின் உள்ளிருந்து சாய்வாகத் துளையிட்டு, மரையிட்ட பித்தளைக் கம்பியை எப்பாக்ஸியில் தோய்த்துச் செலுத்துங்கள். மரைகள் பசையைக் கவ்விக்கொள்ளும்; வெளியிலும் தெரியாது.

இனி காரணத்தைச் சரிசெய்வது. வாலின் பின்னால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கும்படி உளியால் சீவிவிடுங்கள். உதைப்பைத் தாங்கும் துண்டு உட்காரும் குழியில் இரும்புத் தூள் கலந்த எப்பாக்ஸியை இட்டு, இரும்புப் பாகத்தை அதில் பதியவிடுங்கள். அதற்கு முன் இரும்பு முழுவதும் மெழுகு தடவி, துளைகளையும் பள்ளங்களையும் களிமண்ணால் அடைத்து, அந்தத் துண்டின் முன்முகம், பக்கங்கள், அடிப்பகுதி ஆகியவற்றில் ஒரு சுற்று நாடா ஒட்ட வேண்டும். அப்போதுதான் பின்முகம் மட்டும் மரத்தில் பதியும். மெழுகைத் தவறவிட்டால் துப்பாக்கியும் கட்டையும் ஒன்றாகிவிடும், பிரிக்க முடியாது.

வெறும் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணியின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் நசுங்கிய இழைகள் நீராவியில் எழும்பிவிடும். அறுந்த இழைகள் எழும்பா. கடைசியில் உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும், ஆகையால் விரித்து உலர்த்துங்கள்.

மரம் மென்மையாகி உளுத்திருந்தாலோ, கழுத்தில் பல திசைகளில் பிளவு ஓடினாலோ, புதிய கட்டை வாங்குவதே நல்லது. வாங்கும்போது துப்பாக்கியின் மாதிரியோடு, போல்ட் ஓடும் இரும்புப் பாகத்தின் நீளம், இடக்கை வலக்கை வகை, குழலின் தடிமன், தோட்டாப் பெட்டியின் அமைப்பு ஆகிய அனைத்தும் பொருந்த வேண்டும். வார்ப்பு பிளாஸ்டிக் கட்டைகளில் பெரும்பாலானவற்றில் பசை சரியாகப் பிடிக்காததால், அவை உடைந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கண்ணாடி இழைக் கட்டைகளை எப்பாக்ஸியும் இழைத் துணியும் கொண்டு சீராக்கலாம்.

எதுவானாலும், திருகுகளை உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவுக்கே முறுக்குமானியால் இறுக்குங்கள். வெறும் மரத்தில் சுமார் 4 முதல் 5 நியூட்டன் மீட்டர் வரை போதும். குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துப் பார்த்து, எங்கும் உரசாமல் ஓடுகிறதா என்று சோதியுங்கள். கட்டை கழற்றி மாட்டப்பட்ட துப்பாக்கியின் குறி மாறியிருக்கும் என்பதால், சுடுகளத்தில் புதிதாகக் குறிசரிசெய்த பின்னரே காட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். இருபது சுடுதல்களுக்குப் பிறகு மீண்டும் பிரித்து, ஒட்டிய கோட்டின் நுனி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.