சின்ன 2டி கேம் எஞ்சின் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமே இல்லாமல் எஞ்சினை மட்டும் எழுத உட்காராதீர்கள். என்றைக்காவது தேவைப்படும் என்று லைட்டிங், ஸ்கிரிப்டிங், எடிட்டர் எனச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்; அதை வைத்து மட்டையால் பந்தைத் தட்டும் பாங் (Pong) போன்ற எளிய கேமைக்கூட முடித்திருக்க மாட்டார்கள். முதலில் பாங் மாதிரி ஒன்றை முடியுங்கள். அப்புறம் ஓடிக் குதிக்கும் கேம் ஒன்று. இரண்டிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டிவந்த நிரல்தான் உங்கள் எஞ்சின். விண்டோ, கீபோர்டு, ஆடியோவுக்கெல்லாம் 1998 முதல் எஸ்டிஎல் (SDL) என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது.

அதிகம் சறுக்குவது நேரத்தைக் கையாளும் இடத்தில்தான். ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையை ஒருமுறை வரைவதற்கு, 4 பிக்சல் நகர்த்தினால், வினாடிக்கு 60 முறை வரையும் 60 ஹெர்ட்ஸ் திரையில் வினாடிக்கு 240 பிக்சல். அதே கேம் 144 ஹெர்ட்ஸ் திரையில் 576 பிக்சல் ஓடும். சரி, வேகத்தை முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்கிவிடலாமே? நேர்கோட்டில் நகர்வதற்கு அது போதும். ஈர்ப்பு விசை வந்துவிட்டால், ஃபிரேம் நேரம் மாற மாறக் குதிக்கும் உயரமும் மாறும்.

அதனால் இயக்கக் கணக்கை எப்போதும் 1/60 வினாடிப் படிகளாகவே ஓட்டுங்கள். கடந்த நேரத்தைச் சேர்த்து வைத்து, அதில் எத்தனை முழுப் படி அடங்குகிறதோ அத்தனை முறை கணக்கிட்டு, மிச்சத்தை அடுத்த ஃபிரேமுக்கு விடுங்கள். வரையும்போது முந்தைய நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் நடுவே கணித்து வரைந்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரியாது. சேரும் நேரத்துக்கு 0.25 வினாடி போல ஓர் உச்சவரம்பும் வேண்டும். இல்லையென்றால், மெதுவான கம்ப்யூட்டரில் பாக்கி ஏறிக்கொண்டே போய்க் கேம் உறைந்துவிடும்.

இதுவும் வேகமான குண்டுகளுக்குப் போதாது. வினாடிக்கு 1200 பிக்சல் போகும் குண்டு ஒரு படிக்கு 20 பிக்சல் தாவும். 8 பிக்சல் சுவரைத் தொடாமலே அந்தப் பக்கம் போய்விடலாம். போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் பார்க்காமல், கடந்த பாதை முழுவதிலும் மோதலைச் சோதியுங்கள்.

படங்களை ஃபிரேமுக்கு ஃபிரேம் டிஸ்கிலிருந்து படிக்காதீர்கள். ஒரே பெரிய படத்தில் தொகுத்தால் நல்லது. இடையில் ஓரிரு பிக்சல் விடுங்கள், பக்கத்துப் படத்தின் ஓரம் கசியாது.

தமிழைத் திரையில் காட்ட, எழுத்துப் படங்களை வரிசையாக ஒட்டினால் போதாது. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு. வரையும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்ற நிரல் தொகுப்பு அந்த வேலையைச் செய்யும். நம் மொழிக்கான இந்த வேலையைப் பிற்பாடு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

லைசென்ஸ் கோப்பு இல்லாமல் கிட்ஹப்பில் போட்டால் அது ஓப்பன் சோர்ஸ் ஆகாது. பதிப்புரிமை முழுக்க உங்களிடமே இருக்கும். மற்றவர்கள் அதைத் தங்கள் கேமில் சேர்க்க முடியாது. ஜிபிஎல் (GPL) உரிமம் போட்டால், எஞ்சினோடு இணைத்து வெளியிடும் கேமின் நிரலையும் அதே நிபந்தனையில் தர வேண்டிவரும். ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல்லில் (LGPL) இருந்த எஸ்டிஎல், இரண்டாம் பதிப்பில் ஸெட்லிப் (zlib) உரிமத்துக்கு மாறியது. கோடோ (Godot) என்ற கேம் எஞ்சின் இருப்பது எம்ஐடி (MIT) உரிமத்தில். சின்ன எஞ்சினுக்கு, கேமின் நிரலைத் தரச் சொல்லாத ஸெட்லிப், எம்ஐடி இரண்டில் ஒன்றே நல்லது.

வேறு கேமிலிருந்து எடுத்த படங்களை மாதிரிக்காகக்கூட கிட்டில் (Git, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட் செய்யாதீர்கள். பிறகு அழித்தாலும் கிட் வரலாற்றில் இருக்கும். கென்னி (Kenney) என்ற பெயரில் வெளியாகும் கேம் படங்கள், யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய சிசி0 (CC0) உரிமத்தில் கிடைக்கின்றன. மாதிரி கேமுக்கு அவை தாராளமாகப் போதும்.